அனல்மின் நிலையச் சாம்பலை வைத்துக் கழிவுநீரிலிருந்து ஈயத்தைப் பிரிக்க முடியுமா?

முடியும். என் முதுகலை புராஜெக்டே இதுதான். மேட்டூர் அனல்மின் நிலையச் சாம்பலைத்தான் எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காவும் அலுமினாவும். காஸ்டிக் சோடா கரைசலில் கலந்து, 100 டிகிரிக்குச் சற்றுக் கீழே ஒரு நாள் வைத்திருந்தால், அதிலுள்ள கண்ணாடிப் பகுதி கரைந்து ஜியோலைட் படிகங்களாக மறுபடி உருவாகும். நுண்துளைகள் நிறைந்த அந்தப் படிகத்துக்குள் சோடியம் அயனிகள் இருக்கும். ஈயம், காட்மியம், செம்பு கலந்த தண்ணீர் பட்டால் சோடியம் வெளியேறி, அதன் இடத்தை இந்த உலோகங்கள் பிடித்துக்கொள்ளும்.

முதல் சோதனையிலேயே ஈயம் ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. துள்ளிக் குதிக்காத குறைதான். என் கைடு கேட்டது ஒன்றே ஒன்று: "கடைசியில் பி.எச். எவ்வளவு?" அளந்து பார்த்தால் 10 (7-க்கு மேல் போனாலே காரம்). நான் சரியாகக் கழுவாததால் ஜியோலைட் பொடியில் காரம் தங்கிவிட்டது. அந்த அளவு காரத்தில் ஈயம் தானாகவே ஹைட்ராக்சைடாகப் படிந்துவிடும். அதற்கு ஜியோலைட் எதற்கு, சுண்ணாம்பே போதுமே! அப்புறம் பொடியைக் காரம் போகும்வரை திரும்பத் திரும்பக் கழுவி, பி.எச். 5-இல் வைத்துச் சோதித்தேன். ஒப்பிட்டுப் பார்க்க, பொடி போடாத தண்ணீரையும் பக்கத்திலேயே சோதித்தேன். முன்பைவிடக் குறைவாகத்தான் ஈயம் போனது, ஆனால் இந்த முறை அது ஜியோலைட் பிடித்த ஈயம். நீங்களும் செய்து பார்ப்பதாக இருந்தால் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

முலாம் பட்டறைத் தண்ணீரில் வரும் ஆறு இணைதிறக் குரோமியம் இதற்குச் சிக்காது. அது குரோமேட்டாக, எதிர்மின் அயனியாக இருக்கும். ஜியோலைட் சட்டகமும் எதிர்மின் தன்மை கொண்டது. அந்தக் குரோமியத்துக்கு வேறொரு கழிவு உண்டு: எஃகின் துருவை அமிலத்தில் கழுவியபின் மிஞ்சும் இரும்புக் கரைசல். அது குரோமியத்தை மூன்று இணைதிறத்துக்குக் குறைக்கும். பிறகு சுண்ணாம்பு போட்டுப் படிய வைக்கலாம்.

உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவுநீரில் ஈயத்துக்கு நம் நாட்டு வரம்பு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம். அதைத் தொட்டுவிட்டாலும் ஈயம் அழிவதில்லை, பொடிக்குள்தான் இருக்கிறது. அடர்ந்த உப்புக் கரைசலில் அலசினால் அதில் ஒரு பகுதி வெளியே வரும், பொடியை மறுபடி பயன்படுத்தலாம். தீர்ந்துபோன பொடியைச் செங்கல்லில் கலக்கலாம் என்று யாராவது சொன்னால், மழைநீரில் எவ்வளவு ஈயம் கசிகிறது என்று சோதித்த அறிக்கையை முதலில் கேளுங்கள்.