லோன் கட்டியாச்சு, ஆர்சி புக்ல பேங்க் பேரு போகலையே!

கேள்வி: அண்ணே வணக்கம், புதுவயல்ல இருந்து எழுதறேன். பக்கத்துத் தெருக்காரர்கிட்ட ஒரு பழைய மாருதி காரு பேசி முடிச்சு அட்வான்ஸ் 20,000 குடுத்துட்டேன். ஆர்சி புக்ல ஹெச்.பி.ன்னு (வண்டி மேல கடன் இருக்குங்கிற குறிப்பு) ஒரு பேங்க் பேரு கெடக்கு. கேட்டா, லோன் முடிஞ்சு 2 வருஷமாச்சு, ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டுத் தர்றேன், மிச்சப் பணத்தக் குடுத்துட்டு வண்டிய எடுத்துக்கன்றாரு. எடுக்கலாமா?

பதில்: இப்ப எடுக்காதீங்க தம்பி. அவரு பொய் சொல்றாருன்னு நான் சொல்லல, லோன கட்டிருப்பாரு, ஆனா கடைசி டியூ கட்டுன அன்னைக்கே ஹெச்.பி. தானா போயிரும்னு நம்ம ஊர்ல பாதிப் பேரு நெனச்சுக்கிட்டு இருக்காங்க, அது போகாது. பேங்க்ல என்ஓசி லெட்டரும் (எங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னு பேங்க் தர்ற கடிதம்), சீல் வச்சு கையெழுத்துப் போட்ட ஃபார்ம் 35 ரெண்டு காப்பியும் வாங்கி ஆர்டிஓ ஆபீஸ்ல பதிஞ்சாத்தான் அந்தப் பேரு அழியும். அது அழியாத வரைக்கும் பேங்க் சம்மதம் இல்லாம வண்டி உங்க பேருக்கு மாறாது.

அதனால அவரக் கூட்டிக்கிட்டு நீங்களே பேங்குக்குப் போங்க. அவர் பேர்ல வேற பாக்கி ஏதும் கெடந்தா சில பேங்க்ல என்ஓசிய நிறுத்தி வச்சிருவாங்க, அதுவும் அங்கயே தெரிஞ்சுரும். லெட்டர் கைக்கு வந்ததும் கவுண்டர்லயே நின்னு சேஸிஸ் நம்பர ஆர்சியோட ஒவ்வொரு எழுத்தா ஒத்துப் பாருங்க, ஒரு எழுத்து மாறுனாலும் ஆர்டிஓ ஆபீஸ்ல திருப்பி விட்ருவாங்க. 2 வருஷத்துக்கு முந்தி வாங்குன லெட்டர பீரோல மடிச்சு வச்சிருந்தா அத நம்பாதீங்க, புதுசாக் கேளுங்க. ஹெச்.பி. கேன்சலும் பேரு மாத்தறதும் பரிவாகன்ங்கிற அரசாங்க வாகன சைட்ல சேத்தே போடலாம், ரெண்டு அலைச்சல் வேண்டாம்.

வண்டி பேரு மாத்தற ஃபார்ம் 29, 30ல தேதி போடாம வெறும் கையெழுத்து மட்டும் வாங்கி வச்சுக்கிற பழக்கம் இருக்கே, தயவுசெஞ்சு அது வேண்டாம். வித்தவரு 14 நாளுக்குள்ளயும் வாங்குனவரு 30 நாளுக்குள்ளயும் ஆர்டிஓவுக்குச் சொல்லணும்னு சட்டமே இருக்கு. எங்க அண்ணன் பைக்க வித்துட்டு அப்படித்தான் விட்டாரு, வாங்குனவரு பேரு மாத்தவே இல்ல, ஒரு ஆக்சிடென்ட் ஆகி கோர்ட் நோட்டீஸ் அண்ணன் வீட்டுக்கு வந்துச்சு. அண்ணி அந்தக் கவரக் கையில புடிச்சுக்கிட்டு திண்ணையில உக்காந்திருந்தது இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. ஆர்டிஓ பதிவுல யாரு பேரு இருக்கோ அவருதான் ஓனர்னு சுப்ரீம் கோர்ட் 2018லயே தெளிவா சொல்லிருச்சு. இத உங்க தெருக்காரர்கிட்ட சொல்லுங்க, அவருக்கும் இதுல பயம் இருக்கணும். இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்தி, அதுல இருக்கிற பேங்க் பேரையும் எடுக்கச் சொல்லுங்க.

கேள்வி: தேவகோட்டையில இருந்து எழுதறேன் அண்ணே. எங்க அப்பச்சி (அப்பா) தவறி ரெண்டு மாசமாச்சு. அவுக பேர்ல இருக்கிற ஸ்கூட்டர என் பேருக்கு மாத்தணும், ஆத்தாவும் தங்கச்சியும் இருக்காக.

பதில்: இதுக்கு ஃபார்ம் 31 தம்பி. 3 மாசத்துக்குள்ள போடணும், உங்களுக்கு ஒரு மாசந்தான் மிச்சம் இருக்கு. இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வேணும், ஆத்தாவும் தங்கச்சியும் சம்மதம்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். வாரிசுச் சான்றிதழ் வரத்தான் நாளாகும், அதனால நாளைக்கே இ-சேவை மையத்துல போய் அத மொதல்ல பதிஞ்சு வச்சிருங்க.