வாடகைக்குக் கை எதற்கு?

மும்பை தாராவியின் 90 அடி சாலை அருகே கைமுறுக்கும் அதிரசமும் செய்து விற்கும் வாசகர் ஒருவர், தீபாவளி விற்பனைக்காக விளம்பர வீடியோ எடுக்கக் கடையை எப்படித் தயார் செய்வது என்று கேட்டிருக்கிறார். முறுக்குச் சுற்றுவதுபோல் நடிக்க ஒரு மாடலை ஏற்பாடு செய்திருப்பதாகவும், 'என் மனைவி அன்று படக்குழுவுக்குச் சாப்பாடு பார்த்துக்கொள்வாள்' என்றும் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறார்.

தம்பி, விளக்குக்கும் சுவர்ப் பூச்சுக்கும் இரண்டு பக்கம் செலவழித்த நீங்கள் மனைவிக்கு ஒதுக்கியது ஒரே வரி. அந்த வரியைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. விடியுமுன் எழுந்து மாவு பிசைவதும், திருநெல்வேலியில் தாயிடம் கற்ற பக்குவத்தில் சுற்றுவதும் அவர்தான் என்று நீங்களே எழுதிவிட்டு, ஊர் பார்க்கப் படமெடுக்கும் நாளில் மட்டும் அவரை அடுப்படிக்கு அனுப்புவது என்ன நியாயம்? கூச்சப்படுவார் என்று காரணம் சொல்லாதீர்கள். அவரிடம் கேட்டதாக உங்கள் கடிதத்தில் எங்குமே இல்லை. ஒரு பெண்ணின் உழைப்பில் நிமிர்ந்த குடும்பம், நாலு பேர் பார்க்கும்போது அவளை மறைத்தால் அது நன்றி கொன்ற செயல் என்றே நான் சொல்வேன். இதே போன்ற கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. எழுதுகிறவர்கள் யாருக்கும் அது தவறாகவே தோன்றுவதில்லை.

தொழில் கணக்கிலும் இது தப்பு. கைமுறுக்கு அச்சில் பிழிவதன்று. அரிசி மாவும் வறுத்தரைத்த உளுத்தம் மாவும் வெண்ணெயும் சேர்த்துப் பிசைந்ததை, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே முறுக்கிக்கொண்டே துணியின்மேல் வட்டமாக இழுத்துச் செல்ல வேண்டும். மாவு சற்று உலர்ந்தால் இழை அறுந்துவிடும், தளர்ந்தால் முறுக்கு விழாது. பழகாத கை முதல் சுற்றிலேயே திணறும். கேமரா நெருங்கும்போது, மாட்டுங்காவில் சாமான் வாங்க வரும் எந்தத் தமிழ்ப் பெண்மணியும் அதை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

மற்றவை எளிது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய டியூப்லைட்டுகள் நொடிக்கு 100 முறை மினுங்கி, படத்தில் பட்டை பட்டையாகத் தெரியும். கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் வைக்கும்படி படக்குழுவிடம் சொல்லுங்கள். பேச்சைப் பதிவு செய்யும்போது எக்ஸாஸ்ட் விசிறியை நிறுத்திவிடுங்கள், ஆனால் அந்த நேரத்தில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் இருக்க வேண்டாம். எல்லோரும் தலையுறை அணியட்டும். பாக்கெட்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தந்த 14 இலக்க எண் தெளிவாகத் தெரியட்டும். உரிமம் பெறாமல் சினிமாப் பாட்டைச் சேர்க்காதீர்கள். படத்தில் வரும் வேலையாட்களிடம் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

அந்தச் சம்மதத்தை முதலில் மனைவியிடம் கேளுங்கள். முகம் காட்ட அவருக்கு விருப்பமில்லையென்றால் கைகளை மட்டும் படமெடுத்து, அவர் சம்மதித்தால் பெயரைத் திரையில் போடுங்கள். குழுவின் மதியச் சாப்பாட்டை ஏதாவதொரு மெஸ்ஸில் சொல்லிவிடலாம். மாடலுக்குத் தர நினைத்த பணத்தை மனைவி கையில் கொடுத்துவிட்டு, படப்பிடிப்புத் தேதியை அவர் வசதியைக் கேட்டுக் குறியுங்கள்.