நேத்து என்ன?

அன்புள்ள ஐயா,

மேலூர் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். போன வருடம் எங்களுக்கு ஸ்மார்ட் போர்டு வந்தது. ராத்திரி உட்கார்ந்து வீடியோ தேடி, படம் சேர்த்துப் பாடம் தயாரிக்கிறேன். பிள்ளைகள் கண் இமைக்காமல் பார்க்கிறார்கள். "புரிஞ்சதா?" என்றால் "புரிஞ்சது டீச்சர்" என்று கூரை அதிரும். காலாண்டுத் தேர்வில் பார்த்தால் பழைய மதிப்பெண்தான். சிலருக்கு அதுவும் குறைவு. பேசாமல் சாக்பீஸுக்கே திரும்பிவிடவா? செல்போன் பழகிய பிள்ளைகளுக்குக் கவனம் நிற்காது என்கிறார்களே, அதுதான் காரணமா? இதைப் பற்றிப் படிக்க நல்ல நூல் இருந்தால் சொல்லுங்கள்.

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

செல்போன் கதையை விடுங்கள். கண் இமைக்காமல் பார்க்கிறார்கள் என்று நீங்களே எழுதிவிட்டுக் கவனத்தைக் குறை சொன்னால் எதை நம்புவது? நூலும் இப்போது வேண்டாம். முதலில் ராத்திரி தூங்குங்கள்.

போர்டா சாக்பீஸா என்பது பழைய சண்டை. காய்கறி ஏற்றி வரும் லாரியால் நம் உடம்பில் சத்து ஏறுவதில்லை, கற்பிக்கும் ஊடகமும் அந்த லாரி போலத்தான் என்று 1983-இல் ரிச்சர்டு கிளார்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் எழுதினார். ஒட்டன்சத்திரத்துக் கத்தரிக்காய் எந்த லாரியில் மாட்டுத்தாவணி வந்தால் என்ன, குழம்பில் ருசி ஒன்றுதான். ராபர்ட் கோஸ்மா என்ற இன்னோர் ஆய்வாளர் அதை மறுத்தார். ஒவ்வொரு ஊடகத்துக்கும் தனித் திறன் உண்டு, அதைச் சரியாகப் பயன்படுத்தினால் கற்றலும் மாறும் என்பது அவர் கட்சி. எனக்கு இரண்டு பேரிடமும் பாதிப் பாதி சம்மதம். இதயத்தின் நாலு அறையிலும் ரத்தம் மாறி ஓடுவதை வெறும் சாக்பீஸால் காட்ட எங்கள் வாத்தியார் பட்ட பாட்டைப் பார்த்தவன் நான்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த "புரிஞ்சது டீச்சர்"தான்.

1985 வாக்கில் உசிலம்பட்டிப் பக்கம் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். ஒரு சாயங்காலம் அரசாங்க வேன் வந்து, பள்ளி மைதானத்தில் திரை கட்டி மலேரியாவைப் பற்றிப் படம் போட்டார்கள். ஊரே திரண்டு உட்கார்ந்திருந்தது. படத்தில் என்ன இருந்தது என்று கேட்காதீர்கள். வெளிச்சத்துக்கு வந்து துணியில் அப்பிய ஈசல்தான் ஞாபகம் இருக்கிறது.

எங்கள் அறிவியல் வாத்தியாருக்கு 'நேத்து என்ன' என்று பட்டப்பெயர். வருகைப் பதிவுக்கு முன்னாலேயே, புத்தகப் பையைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, "நேத்து என்னடா?" என்பார். விடை தெரியாவிட்டால் திட்ட மாட்டார். நோட்டைத் திருட்டுத்தனமாகப் பார்த்தவன் காதுதான் சிவக்கும். நேற்றோடும் விட மாட்டார். திடீரென்று "போன வெள்ளிக்கிழமை என்னடா?" என்பார். மனுசனுக்கு மறதி, நம்மளக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிறாரு என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

படம் போட்ட மறுநாளும் கேட்டார். "கொசு சார்" என்றோம். "அது கொசு ஆகறதுக்கு முன்னாடி?" மூச்சுப் பேச்சில்லை. முந்தின ராத்திரி கேட்டிருந்தால் எல்லாம் புரிந்தது என்றுதான் கத்தியிருப்போம். தெரிந்ததை வரையச் சொன்னார். ஒருவன் குட்டி இறக்கையோடு குட்டிக் கொசு போட்டான். நான் போட்ட புழுவுக்கு ஆறு கால். எல்லாரும் தப்பாக வரைந்து முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் இருந்த தொட்டிக்குக் கூட்டிப்போய் ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டார். நீர்மட்டத்தோடு படுத்துக் கிடந்தால் மலேரியா பரப்பும் அனோபிலஸ் கொசுவின் புழு, தலைகீழாகச் சாய்ந்து தொங்கினால் கியூலெக்ஸ் என்ற வேறு வகைக் கொசுவின் புழு. எங்கள் டம்ளரில் இருந்தது தொங்கியது. நாற்பது வருடம் ஆகிறது. இன்றைக்கும் வீட்டு வாளியில் புழுவைக் கண்டால் படுத்திருக்கிறதா, தொங்குகிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

அவர் செய்ததற்குப் பின்னால் இருந்த கணக்கு எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களுக்குச் சிறு உரைநடைப் பகுதிகளைக் கொடுத்தார்கள். ஒரு பகுதியை இரண்டாம் முறையும் படிக்க வேண்டும். இன்னொன்றை மூடிவைத்துவிட்டு, நினைவில் இருப்பதை எழுத வேண்டும். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் மறுபடி படித்ததில் 81 விழுக்காடும், மூடிவைத்து எழுதியதில் 75 விழுக்காடும் நினைவில் இருந்தது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் கதை தலைகீழ்: மறுபடி படித்தது 42, மூடி எழுதியது 56. கூரை அதிரச் சொல்கிற உங்கள் பிள்ளைகள் பொய் சொல்லவில்லை டீச்சர். அது ஐந்து நிமிடத்துப் புரிதல். காலாண்டுத் தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை.

கோபித்துக்கொள்ளாதீர்கள், ஒன்று கேட்கிறேன். ராத்திரி உட்கார்ந்து என்ன செய்கிறீர்கள்? தேடுகிறீர்கள், வேண்டாததைக் கழிக்கிறீர்கள், எது முதலில் எது பிறகு என்று மண்டையை உடைத்துக்கொள்கிறீர்கள். படிப்பு என்பதே அதுதானே? அதை முழுக்க நீங்களே செய்துவிட்டுக் கடைந்தெடுத்த வெண்ணெயைப் பிள்ளை வாயில் வைக்கிறீர்கள். அந்தப் பாடத்தில் இன்றைக்குத் தேர்வு வைத்தால் உங்களுக்குத்தான் நூற்றுக்கு நூறு.

2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பிறகு மாநிலம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றலில், பிள்ளை தானே எடுத்துப் படிக்கும் அட்டை, எந்த அட்டைக்குப் பிறகு எது என்று காட்டும் ஏணி என்று ஆளாளுக்கு ஒன்றைப் புகழ்ந்தார்கள். எனக்குப் பிடித்தது சுவரின் அடியில் பிள்ளைகளின் கைக்கு எட்டும்படி அடித்த கரும்பலகை. தப்பாக எழுதிப் பார்க்க அவரவருக்கு ஓர் இடம்.

உங்கள் வீடியோவைப் பாதியில் நிறுத்துங்கள். அடுத்து என்ன ஆகும் என்று எழுதச் சொல்லிவிட்டு மீதியை ஓட்டுங்கள். மறுநாள் போர்டைப் போடாமலே கேளுங்கள். முதல் பத்து நாள் வகுப்பு இழவு வீடு மாதிரிதான் இருக்கும். தலைமையாசிரியர் எட்டிப் பார்த்துவிட்டு, என்ன சத்தமே காணோம் என்பார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அரையாண்டு முடிந்ததும் எழுதுங்கள். அதற்குள் பிள்ளைகள் உங்களுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருப்பார்கள். அதையும் மறக்காமல் எழுதுங்கள்.