பன்றிக்கொழுப்பு போடாத பீன்ஸ்

கேள்வி: நான் அருப்புக்கோட்டைப் பெண். 1998-ல் ஓர் அமெரிக்கரைக் கல்யாணம் செய்துகொண்டு அட்லாண்டாவில் இருக்கிறேன். என் மாமியார் 1930-ல் வடக்கு அலபாமாவில், பாப்டிஸ்ட் சர்ச்சே கதி என்றிருந்த ஒரு பருத்தி விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 94 வயதில் காலமாகிவிட்டார். மே மாதம் ‘டெகரேஷன்’ ஞாயிறன்று அவருடைய சர்ச்சில் அவரைப் பற்றி ஐந்து நிமிடம் பேசச் சொல்கிறார் நாத்தனார். எங்கள் கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. ஆறு வருடம் என்னோடு பேசவும் இல்லை. அப்புறம் மாறிவிட்டார். சைவக்காரியான எனக்கென்று பன்றிக்கொழுப்பு போடாமல் தனிச் சட்டியில் பீன்ஸ் வேகவைப்பார். பிறந்த தேதி, ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்த வருடங்கள், பேரப்பிள்ளைகள் என்று ஒரு பக்கம் எழுதிவிட்டேன். படித்தால் ரேஷன் கார்டு மாதிரி இருக்கிறது. பழைய கசப்பைச் சொல்லலாமா?

பதில்: அந்தத் தாளை நாத்தனாரிடம் கொடுத்துவிடுங்கள். அதில் இருப்பதெல்லாம் இரங்கல் குறிப்பிலேயே வந்திருக்கும். சர்ச்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது உங்களைவிட நன்றாகத் தெரியும்.

டெகரேஷன் என்பது நம் ஊர்க் கல்லறைத் திருநாள் போலத்தான். கல்லறைகளைத் துப்புரவு செய்து, பூ வைத்து, பாடி, கூடிச் சாப்பிடுகிற நாள். மே மாதத்துக்குள் ஒரு வார இறுதியில் அலபாமா போய் வாருங்கள். குடும்ப பைபிளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாம் அதில் கையால் எழுதி வைத்திருப்பார்கள். சில சமயம் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்த, யாரும் பேச்செடுக்காத ஒரு குழந்தையின் பெயர்கூட இருக்கும்.

அப்புறம் அவர் வயதுப் பெண்கள் யாராவது சர்ச்சில் இருந்தால் பக்கத்தில் உட்காருங்கள். “எப்படிப்பட்டவர்?” என்று கேட்டால் “தங்கமானவர்” என்பார்கள், பேச்சு அதோடு முடிந்துவிடும். வீட்டுக்குக் கரண்டு எந்த வருடம் வந்தது என்று கேளுங்கள். அமெரிக்க அரசு 1935-ல் கிராம மின்மயத் திட்டத்தைத் தொடங்கியபோது, பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றில்தான் மின்சாரம் இருந்தது. அப்போது உங்கள் மாமியாருக்கு ஐந்து வயது. மாவு மூட்டைத் துணியில் தைத்த பாவாடை பற்றிக் கேளுங்கள். பெண்கள் மூட்டைப் பையைக் கிழித்து உடுப்பு தைக்கிறார்கள் என்று தெரிந்ததும், கம்பெனிகளே பூப்போட்ட துணியில் பை தைக்க ஆரம்பித்தன. ஒரு கவுனுக்கு ஒரே பூவில் இரண்டு மூன்று பை வேண்டும். கடைக்குப் போன அப்பா வேறு பூவில் மூட்டையைத் தூக்கி வந்துவிட்டால் வீட்டில் என்ன நடந்திருக்கும்!

பருத்தி எடுப்பைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெடித்த காயின் ஓட்டு நுனி விரலைக் கிழிப்பது அருப்புக்கோட்டைப் பக்கத்திலும் அலபாமாவிலும் ஒன்றுதான். அங்கே தோளில் மாட்டிய நீளப் பையைத் தரையில் இழுத்துக்கொண்டே எடுப்பார்கள். அவருடைய விரல்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதைச் சொல்லுங்கள்.

சரி, கசப்பு. வெள்ளையரும் கறுப்பரும் மணக்கக் கூடாது என்ற சட்டம் 1967-லேயே உச்ச நீதிமன்றத்தில் செத்துவிட்டது. ஆனாலும் அந்த வரி அலபாமாவின் அரசியல் சாசனத்திலிருந்து போனது 2000-ல்தான். அதற்கான வாக்கெடுப்பிலும் பத்தில் நான்கு பேர் “இருக்கட்டும்” என்றார்கள். நீங்கள் மருமகளாகி இரண்டு வருடம் கழித்து! அந்தத் தடை உங்களைக் குறித்ததல்ல. ஆனால் உங்கள் மாமியார் வளர்ந்த காற்று அது. அதற்காக அவர் செய்தது சரி என்று நான் சொல்ல வரவில்லை. மறைக்கவும் வேண்டாம், அந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கதைதானே. “எங்கள் கல்யாணத்துக்கு அவர் வரவில்லை” என்று ஒரே வாக்கியம். அடுத்த வாக்கியம் பீன்ஸ். நடுவில் “நான் மன்னித்துவிட்டேன்” என்று மட்டும் வேண்டாம். மேடையில் அது மாமியாரை விட்டுவிட்டு உங்களைப் புகழ்கிற பேச்சாகிவிடும். கணவரிடமும் நாத்தனாரிடமும் முன்கூட்டியே படித்துக் காட்டிவிடுங்கள். அவர்களுக்கு அவர் அம்மா.

அந்தச் சட்டி எப்படி இருந்தது, மூடியில் ஏதாவது அடையாளம் வைத்திருந்தாரா, முதல் தடவை உங்கள் பக்கம் நகர்த்தியபோது ஏதாவது சொன்னாரா, இல்லை பேசாமல் நகர்த்தினாரா? ஐந்து நிமிடத்தில் இரண்டு நிமிடம் அதற்கே போகட்டும்.

கூட்டம் முடிந்து வெளியே நீள மேசைகளில் சாப்பாடு வைப்பார்கள். கொழுப்பு போடாத பீன்ஸ் ஒரு சட்டி நீங்களும் கொண்டு போங்கள். பாதிக்கு மேல் மிச்சம் வரும், பரவாயில்லை.