ஆல்டோஸ்டிரோன் மிகுதியும் அடங்காத இரத்த அழுத்தமும்: கேள்வி பதில்

கேள்வி: மூன்று மாத்திரைகள் எடுத்தும் என் இரத்த அழுத்தம் 160/100-க்குக் கீழே இறங்கவில்லை. அட்ரீனல் சுரப்பியைச் சோதிக்கச் சொல்கிறார்கள். அதற்கும் அழுத்தத்துக்கும் என்ன தொடர்பு?

பதில்: சிறுநீரகத்தின் உச்சியில் அமர்ந்திருக்கும் அச்சுரப்பியின் வெளியடுக்கில் ஆல்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோன் சுரக்கிறது. சிறுநீரோடு போகவிருக்கும் சோடியத்தை உடலுக்குள் மீட்பதும், பொட்டாசியத்தை வெளியே தள்ளுவதும் அதன் வேலை. சோடியத்தோடு நீரும் உடலில் தங்குவதால், அது மிகுந்தால் அழுத்தம் ஏறும். ஆல்டோஸ்டிரோனைத் தூண்டுவது சிறுநீரகம் வெளியிடும் ரெனின் என்னும் நொதி. உடலில் உப்பும் நீரும் போதிய அளவு இருந்தால் ரெனின் அடங்கும், ஆல்டோஸ்டிரோனும் குறையும். ரெனின் அடங்கிய பின்னும் சுரப்பி தன் போக்கில் சுரந்துகொண்டே இருப்பதுதான் இந்நோய். அமெரிக்க மருத்துவர் ஜெரோம் கான் 1955-இல் இதை விவரித்ததால் அவர் பெயராலும் வழங்குகிறது.

கேள்வி: என் பொட்டாசியம் 4.2, இயல்பான அளவுதான். அப்படியானால் எனக்கு இந்நோய் இல்லைதானே?

பதில்: அப்படி முடிவுகட்டக் கூடாது. இந்நோயாளிகளில் பெரும்பாலோருக்குப் பொட்டாசியம் இயல்பாகவே இருக்கிறது. பொட்டாசியம் குறைந்தவர்களை மட்டுமே சோதித்த பழைய வழக்கத்தால்தான் இதை அரிய நோய் என்று நெடுங்காலம் நம்பினோம் என்பது என் கருத்து.

கேள்வி: இரத்தப் பரிசோதனைக்கு முன் மாத்திரைகளை நிறுத்த வேண்டுமா?

பதில்: நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். காலையில், எழுந்து நடமாடி இரண்டு மணி நேரமாவது கழிந்தபின், சற்று உட்கார வைத்து இரத்தம் எடுத்து, ஆல்டோஸ்டிரோனுக்கும் ரெனினுக்கும் உள்ள விகிதத்தைப் பார்ப்பார்கள். பீட்டா தடுப்பு மருந்துகள் ரெனினைக் குறைத்து, இல்லாத நோயை இருப்பதாகக் காட்டலாம்; நீர்பிரிக்கும் மாத்திரைகள் ரெனினை உயர்த்தி, இருக்கும் நோயை மறைக்கலாம். ஆல்டோஸ்டிரோனின் செயலைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மருந்தை எடுப்பவருக்கு, நிறுத்துவது பாதுகாப்பானது என்று மருத்துவர் கருதினால், சுமார் நான்கு வாரம் இடைவெளி கொடுப்பார்கள். பொட்டாசியம் குறைந்திருந்தால் ஆல்டோஸ்டிரோனும் தாழ்ந்து தெரியும் என்பதால், அதை முதலில் சரிசெய்துகொள்வது நல்லது.

கேள்வி: சி.டி. ஸ்கேனில் இடது சுரப்பியில் ஒரு கட்டி தெரிகிறது. உடனே அகற்றிவிடலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். வயது கூடக்கூட, எந்த ஹார்மோனையும் சுரக்காத கட்டிகள் அட்ரீனலில் தோன்றுவது சாதாரணம். இடப்பக்கம் கட்டி தெரிய, வலப்பக்கச் சுரப்பியோ இரண்டுமோ மிகையாகச் சுரந்துகொண்டிருக்கலாம். அதனால் இரு சுரப்பிகளின் சிரைகளிலிருந்தும் தனித்தனியே இரத்தம் எடுத்து ஒப்பிட வேண்டும். வலது சிரை மிகக் குட்டையாக, நேரே பெருஞ்சிரையில் சேர்வதால், குழாய் சரியான இடத்தில்தான் நின்றதா என்பதை, அட்ரீனல் சுரக்கும் மற்றொரு ஹார்மோனான கார்டிசோலின் அளவை வைத்து உறுதிசெய்வார்கள். பழகிய கைகள் தேவைப்படும் வேலை இது. ஒரு பக்கம் மட்டும் மிகை என்றால் அந்தச் சுரப்பியை நுண்துளை அறுவையில் எடுக்கலாம். இரு பக்கமும் என்றால் மருந்துதான்.

கேள்வி: அறுவைக்குப் பின் மாத்திரையே வேண்டியிராதா?

பதில்: பொட்டாசியம் அநேகமாக எல்லோருக்கும் சீராகிவிடும். அழுத்தம் அப்படியல்ல; பலருக்கு மாத்திரை குறையும், சிலருக்கே முற்றிலும் நிற்கும். நோய் நீண்டகாலம் நீடித்திருந்தால் இரத்தக் குழாய்கள் இறுகியிருக்கும்.

கேள்வி: ஸ்பைரோனோலாக்டோனால் மார்பு வீங்கி வலிக்கிறது. நான் ஆண்.

பதில்: ஆண் ஹார்மோனின் செயலையும் அம்மருந்து தடுப்பதால் இது நேர்கிறது. அதே வகை மருந்தான எப்லெரினோனில் இத்தொல்லை மிகக் குறைவு. மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். எதை எடுத்தாலும் பொட்டாசியத்தையும், சிறுநீரகம் இயங்கும் விதத்தைக் காட்டும் கிரியேட்டினினையும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: அதிமதுரம் தினமும் எடுக்கிறேன். அதனால் பாதிப்பு உண்டா?

பதில்: உண்டு. அதிலுள்ள கிளைசிரைசின், சிறுநீரகத்தில் கார்டிசோலைச் செயலிழக்கச் செய்யும் நொதியைத் தடுக்கிறது. அப்போது கார்டிசோலே ஆல்டோஸ்டிரோனின் வேலையைச் செய்து அழுத்தத்தை ஏற்றிப் பொட்டாசியத்தை இறக்கும். பரிசோதனையில் ரெனினும் ஆல்டோஸ்டிரோனும் இரண்டுமே தாழ்ந்திருக்கும். அதை நிறுத்திச் சில வாரங்கள் கழித்துப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.