‘பணம் திரும்பத் தரப்படாது’ என்று விடுதி சொன்னால்

கேள்வி: கடலூரில் வசிக்கும் நான், புதுச்சேரியை ஒட்டிய செரினிட்டி கடற்கரைக்கு அருகிலுள்ள ஓர் அலைச்சறுக்கு விடுதியில், ஆன்லைன் தளம் ஒன்றின் வழியாகப் பயிற்சியையும் சேர்த்து மூன்று இரவுகளுக்கு முழுப் பணமும் கட்டித் தனியாகத் தங்கச் சென்றேன். கடலைப் பார்த்த அறை என்றார்கள். கிடைத்தது பின்பக்கச் சந்து தெரியும் அறை. உள்தாழ்ப்பாள் விழவில்லை, வாட்ஸ்அப்பில் சொல்லியும் சரிசெய்யவில்லை. அலை சரியில்லை என்று பயிற்சியும் தரவில்லை. மறுநாளே கிளம்பிவிட்டேன். பணம் திரும்பக் கிடைக்குமா? – ஒரு வாசகி

பதில்: கேட்டுப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. நீங்களாக மனம் மாறிப் பயணத்தைக் கைவிட்டிருந்தால், ‘பணம் திரும்பத் தரப்படாது’ என்ற நிபந்தனையை விடுதி காட்டலாம். சொன்ன சேவையைத் தாங்களே தராதபோது அதன் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இதைச் சேவைக் குறைபாடு என்கிறது.

உங்கள் புகாரில் முதலில் நிற்க வேண்டியது தாழ்ப்பாள்தான். தனியாகத் தங்கும் ஒருவருக்கு உள்ளிருந்து பூட்ட முடியாத அறை, அறையே அல்ல என்பது என் உறுதியான கருத்து. அன்றிரவு அனுப்பிய செய்தி, நேரத்துடன் அப்படியே இருக்கட்டும். நீங்கள் ஏன் பாதியில் கிளம்பினீர்கள் என்பதற்கு அதுவே நேரடிச் சாட்சி. தாழ்ப்பாளைப் படமோ வீடியோவோ எடுத்திருந்தால் இன்னும் நல்லது. முன்பதிவுப் பக்கத்தை விடுதி மாற்றுவதற்கு முன், ‘கடலைப் பார்த்த அறை’ என்ற வரி தெரியும்படி இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.

பயிற்சி விஷயத்தில் நிதானம் வேண்டும். வங்கக்கடல், குறிப்பாக வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், புதிதாகப் பழகுபவர்களை இறக்கக்கூடாத அளவுக்குக் கொந்தளிக்கும். அப்படிப்பட்ட நாளில் பயிற்சியாளர் மறுத்தால் அது அவருடைய கடமை. ஆகவே அலை சரியில்லை என்று வகுப்பை நிறுத்தியதைக் குறையாக எழுதாதீர்கள். நடக்காத வகுப்புக்கு வாங்கிய கட்டணத்தை ஏன் திருப்பவில்லை என்று மட்டும் கேளுங்கள்.

முதலில் விடுதிக்கும் முன்பதிவுத் தளத்துக்கும், தங்காத இரண்டு இரவுகளின் வாடகை, பயிற்சிக் கட்டணம் ஆகியவற்றைத் தொகையாகக் குறிப்பிட்டு, பதினைந்து நாள் கெடு வைத்து மின்னஞ்சல் அனுப்புங்கள். மின்வணிக விதிகள், 2020-இன்படி தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் பதிவு செய்யலாம்; பல சிறு தொகைகள் இந்தக் கட்டத்திலேயே திரும்பிவிடுகின்றன.

அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். செரினிட்டி பக்கம் புதுச்சேரியும் விழுப்புரம் மாவட்டத்துக் கோட்டக்குப்பமும் ஒட்டியே கிடப்பதால், எந்த ஊர் எல்லை என்று குழம்ப வேண்டியதில்லை; புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கச் சட்டம் இடம் தருவதால் கடலூரிலேயே கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை; வழக்கறிஞர் இன்றி நீங்களே வாதாடலாம். மனுவைச் சேவைக் குறைபாடு என்றே எழுதுங்கள். ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று எழுதினால், அதை விசாரிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்கே உரியது என்பதால் மாவட்ட ஆணையத்தில் வீணாகத் தடைபடும். செல்பேசிச் செய்திகளைச் சாட்சியமாகத் தரும்போது, பாரதிய சாட்சிய சட்டம், 2023-இன் 63-ஆம் பிரிவுப்படியான சான்றிதழையும் (மின்னணுப் பதிவைச் சாட்சியமாக ஏற்பதற்கான சான்று) இணைத்துவிடுங்கள். இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு என்றாலும், மின்னஞ்சலை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.