எக்ஸ்ரே பார்த்துக் குடும்ப வன்முறையைக் கண்டறிய முடியுமா?

‘தவறி விழுந்ததா, வீட்டில் அடித்ததா என்பதைப் படம் பார்த்துச் சொல்லிவிடுவார்களா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னையில் எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்ப்பவள் நான். அடித்தவர் யார் என்பதை எந்தப் படமும் காட்டாது. ஆனால் சொல்லும் காரணத்தோடு முறிவு பொருந்தவில்லை என்பதைப் பல நேரம் காட்டிவிடும்.

தவறி விழுகிறவர் கையை ஊன்றுவார். பெரும்பாலும் மணிக்கட்டுப் பக்கம்தான் உடையும். தலைக்கு வரும் அடியைத் தடுக்கக் கையை உயர்த்தினால், சுண்டுவிரல் பக்கத்து முன்கை எலும்பான அல்னா அந்த அடியை வாங்கும். ‘பாத்ரூமில் வழுக்கிவிட்டது’ என்று வந்தவரின் மணிக்கட்டு நன்றாக இருந்து, அல்னா மட்டும் நடுவில் குறுக்காக முறிந்திருந்தால் கேள்வி எழ வேண்டும். அதைவிட அழுத்தமான தடயம் பழைய முறிவுகள். உடைந்த எலும்பைச் சுற்றிச் சில வாரங்களில் புது எலும்பு படர்வது எக்ஸ்ரேயில் தெரியும். ஒரு விலா புதிதாக உடைந்து, இன்னொன்று பாதி கூடியிருந்தால் இரண்டும் ஒரே நாளில் பட்ட அடி அல்ல. குழந்தைகளிடம் இத்தகைய முறிவுகளை அமெரிக்க மருத்துவர் ஜான் கேஃபி 1946லேயே எழுதிவிட்டார். பெண்கள் விஷயத்தில் அந்த விழிப்பு மிகத் தாமதமாகத்தான் வந்தது. இது எனக்குப் பெரிய ஆதங்கம். ஒவ்வொரு அடிக்கும் வேறொரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனால், பழைய படங்களை ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை.

கழுத்தை நெரித்திருந்தால் கட்டாயம் சொல்லிவிடுங்கள். வெளியே தடமே இல்லாமல் உள்ளே ரத்தக்குழாய்ச் சுவர் கிழிந்திருக்கலாம். சில நாள் கழித்துப் பக்கவாதம் வரக்கூடும். கழுத்து ரத்தக்குழாய்களுக்கான சி.டி. ஆஞ்சியோ எடுத்தால் அது தெரியும்.

கதிர்வீச்சு காரணமாகக் கூட வந்தவரை எக்ஸ்ரே அறைக்கு வெளியே நிறுத்துவோம். மனைவியை விட்டு நகராத கணவனும் அந்தக் கதவுக்கு அப்பால்தான். ஒரு பெண்ணுக்கு வீங்கிய கையிலிருந்து கண்ணாடி வளையல்கள் கழலவில்லை. சோப்பு தடவி ஒவ்வொன்றாக எடுத்தேன். “ஏம்மா, வீட்டில் யாராவது அடித்தார்களா?” என்றேன். “படத்தில் அதுவும் தெரிந்துவிடுமா அக்கா?” என்று கதவைப் பார்த்தாள். படம் எழுப்பும் சந்தேகத்தை யாராவது ஒருவர் வாய்விட்டுக் கேட்டால்தான் பயன். அதைக் கேட்பதும் எங்கள் வேலைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உங்களுக்கோ தெரிந்தவருக்கோ இது நடந்தால், மருத்துவரிடம் உண்மையைச் சொல்லி விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆரில், எழுதச் சொல்லுங்கள். 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் விதிகளின்படி மருத்துவப் பரிசோதனை அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். முன்பே புகார் கொடுக்கவில்லை என்று சிகிச்சையை மறுக்கவும் முடியாது. 181 எந்நேரமும் இயங்கும் மகளிர் உதவி எண். சமூக நலத் துறையின் பாதுகாப்பு அலுவலரையும் அணுகலாம். படங்களையும் ஏ.ஆர். நகலையும் அந்த வீட்டில் வைக்காமல் தாய் வீட்டிலோ நம்பகமான தோழியிடமோ கொடுத்து வையுங்கள்.